தாமசினின் ஐந்தாவது புகைபோக்கி

தாமசின் ஹாஸ்கனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். பட்டு வேண்டாம், பவிசு வேண்டாம், நகை நட்டு எதுவும் வேண்டாம். தரைக்கு மேலே நிற்கிற ஒரு வீடு, அதில் புகையை ஒழுங்காக வெளியே அனுப்புகிற ஒரு புகைபோக்கி. இந்த அற்ப ஆசையைக்கூட நிறைவேற்றத் தெரியாத ஒரு மகராசனைக் கட்டிக்கொண்டு அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கேட்டால் யாருக்கும் முதலில் கோபம்தான் வரும். சிரிப்பு அப்புறம்தான் வரும்.

"தரைக்கு மேலே" என்று அவள் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கார்ன்வாலிலிருந்து கப்பலேறித் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்து, பர்ரா செம்புச் சுரங்கத்தில் அவள் புருஷன் ஹன்னிபலுக்கு வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததே தவிர, குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. அங்கே வந்த சுரங்கக்காரர்கள் எல்லாரும் ஓடைக்கரையைக் குடைந்து பொந்துக்குள் குடியிருந்தார்கள். இவர்களும் ஒரு பொந்தைக் குடைந்துகொண்டார்கள். அடுப்புக்கு மேலே கரைவரைக்கும் ஒரு ஓட்டை, அதன் வாயில் அடி கழன்ற ஒரு பீப்பாய். புகைபோக்கி என்று பெயர். மேலே யாராவது நடந்தால் சூப்பில் மண் விழும். ஒருநாள் பீப்பாய் சரிந்து ஆடே விழுந்தது. பக்கத்துப் பொந்துக்காரி தன் ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தபோது, அது கரி பூசிய முகத்தோடு தாமசினின் மேஜைமேல் நின்று ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் ஓடை பெருகி வீட்டுக்குள்ளேயே வந்தபோதுதான் அவளுக்குப் பொறுமை போனது. மகள் லவ்டேயைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு, கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் கரையேறினாள். நனைந்த கோழி மாதிரி மேட்டில் உட்கார்ந்து, தன் பானை சட்டி எல்லாம் மிதந்து போவதைப் பார்த்தாள். "இனிமே நான் செத்தாத்தான் மண்ணுக்குள்ள போவேன்" என்றாள்.

அந்த வருஷமே விக்டோரியாப் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி வந்தது. பர்ராவே காலியானது. தச்சன், கொல்லன், சாராயக்கடைக்காரன் உட்பட எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஹன்னிபல் இரண்டு நாள் சாப்பிடாமல் அலைந்தான்.

"தாமசின், அங்க தங்கம் சும்மா கொட்டிக் கிடக்குதாம். உருளைக்கிழங்கு தோண்டுற மாதிரி தோண்டுறாங்களாம்."

"நீ உருளைக்கிழங்கு தோண்டியே நான் பார்த்ததில்லையே."

"வர்றியா, மாட்டியா?"

"வர்றேன். ஆனா பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்ணு. தரைக்கு மேல வீடு. புகைபோக்கியோட. நின்னு நிலைச்ச வீடு."

ஹன்னிபல் சத்தியம் பண்ணினான். அவனுக்குச் சத்தியம் பண்ணுவது தும்முவது மாதிரி, பண்ணிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

ஹன்னிபலின் தம்பி ஜேபஸும் கூட வந்தான். கல்யாணமாகாதவன், சாப்பாட்டில் இரண்டு ஆளுக்குச் சமம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூடத்தில் பிரசங்கம் செய்கிறவன். ஆறு மாடு பூட்டிய வண்டியை இவன்தான் ஓட்டினான். மணல்காட்டுக்கு வந்ததும் மாடுகள் நின்றுவிட்டன. அந்த ஊர் மாடுகளைப் பழக்கியவர்கள் கெட்ட வார்த்தை சொல்லியே பழக்கியிருக்கிறார்கள், அதைக் கேட்காமல் அவை அடி எடுத்து வைக்காது. ஜேபஸோ கர்த்தருடைய பிள்ளை. "நடந்து வாருங்கள், பிரியமானவைகளே" என்று கெஞ்சினான். மாடுகள் அசை போட்டன.

மத்தியானம்வரை பார்த்துவிட்டுத் தாமசின் வண்டியிலிருந்து இறங்கினாள். "தம்பி, நீ காதைப் பொத்திக்கிட்டு ஏதாவது பாடு" என்றாள். ஜேபஸ் கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாட, அவள் மாடுகளின் தாய் தகப்பனில் ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் இழுத்தாள். பர்ராப் பொந்தில் அடக்கிவைத்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. வண்டி பறந்தது. விக்டோரியா எல்லை வருவதற்குள் ஜேபஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தங்க வயலுக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் ஃபாரஸ்ட் க்ரீக். துணிக்கூடாரம்தான், ஆனாலும் தரைக்கு மேலே. தாமசின் ஹன்னிபலின் குழியிலிருந்து வந்த களிமண்ணைச் சுமந்து, கல்லோடு சேர்த்து, கூடாரத்தின் ஒரு பக்கத்தில் புகைபோக்கி கட்டினாள். காய்ந்து, நெருப்பு மூட்டி, முதல் புகை நேராக மேலே போனதும், "வேற ஊர்ல நல்லா கிடைக்குதாம், கிளம்பு" என்றான் புருஷன். அடுத்த ஊரில் இரண்டாவது கட்டினாள். அங்கேயும் அதே கதை. பெண்டிகோவில் மூன்றாவது. ஈகிள்ஹாக்கில் நான்காவது. ஒவ்வொரு தடவையும், இவர்கள் வண்டியேறுவதற்குள் வேறொரு குடும்பம் வந்து அந்தப் புகைபோக்கியோடு தங்கள் கூடாரத்தை ஒட்டிக்கொள்ளும். எவளோ ஒருத்தி அவள் கட்டிய அடுப்பில் தண்ணீர் வைப்பாள். தாமசின் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். திரும்பிப் பார்த்தால் அழுகை வரும்.

ஏன் இவனுக்கு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் மண்ணைத் தோண்டி, வெள்ளைக் களிமண் தட்டுப்பட்டதும் நிறுத்துவார்கள். அந்தக் களிமண்மேல் படிந்திருக்கிற சரளையை அள்ளிக் கழுவுவார்கள். தங்கம் அங்கேதான் இருக்கும். மளிகைக்கடைக்காரனுக்கும் ஓடிப்போன மாலுமிக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் ஹன்னிபல் கார்ன்வால்காரன். தகப்பன், பாட்டன் எல்லாரும் கடலுக்கு அடியில் போய்ச் செம்பும் வெள்ளீயமும் வெட்டினவர்கள். பத்தடியில் ஒரு நல்ல உலோகம் இருக்கும் என்று நம்ப அவன் உடம்பில் ஓடுகிற ரத்தம் இடம் கொடுக்கவில்லை.

"அதெல்லாம் முயல் தோண்டுற வேலை" என்பான். "நிஜமான சரக்கு ஆழத்துலதான் இருக்கும்." சரளையை ஒதுக்கி, களிமண்ணை வெட்டி எறிந்து, அதற்குக் கீழே கல்லுக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருப்பான். மேலே ஜேபஸ் ராட்டினத்தைச் சுற்றி வாளி வாளியாகக் கல்லை இழுத்துப் போடுவான்.

"ஏய் ஜாக்!" என்று குழியைச் சுற்றி நின்று கிண்டல் செய்வார்கள், அங்கே கார்ன்வால்காரன் எவனுக்கும் ஜாக் என்றுதான் பட்டப்பெயர். "அந்தப் பக்கம் கார்ன்வாலு வந்துடுச்சுன்னா உங்க அம்மாவை விசாரிச்சதா சொல்லு!"

அவன் ஆழத்துக்குப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்ன்வால் சுரங்கங்களில் குட்டிப் பூதங்கள் இருக்கின்றன. நல்ல சரக்கு இருக்கிற இடத்தில் அவை சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டும். அவற்றுக்காக எல்லாரும், கறியும் கிழங்கும் மாவில் மடித்துச் சுட்ட தங்கள் பாஸ்டியின் ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்துப் போட்டுவைப்பார்கள். பிரசங்கியார் ஜேபஸ்கூடப் போடுவான், கேட்டால் "எலிக்கு" என்பான். ஆஸ்திரேலியா வந்ததிலிருந்து ஹன்னிபலுக்கு ஒரு தட்டுச் சத்தமும் கேட்கவில்லை. கேட்கும்வரை போவது என்று போனான்.

ஐந்தாவது ஊர் நொண்டிக்குதிரைப் பள்ளம். இங்கே கேட்டுவிட்டது. குழிக்குள்ளிருந்து ஹன்னிபல் கத்தினான். "ஜேபஸ்! தட்டுறாங்கடா! டொக், டொக், டொக்குன்னு தட்டுறாங்க!" வெறி பிடித்தவன் மாதிரி ஒரு வாரம் வெட்டினான். கடைசியில் மூச்சு வாங்க மேலே வந்து பார்த்தால், தாமசின் மரக்கட்டையால் புகைபோக்கியின் அடிமண்ணை இடித்துக்கொண்டிருந்தாள். டொக், டொக், டொக்.



ஐந்தாவது புகைபோக்கி அவள் கட்டியதிலேயே அருமையானது. குழியின் மேல்மண், சரளை, வெள்ளைக் களிமண் மொத்தத்தையும் அதற்கே சுமந்தாள். அதில் நெருப்பு மூட்டி முழுசாக இரண்டு மாதம் ஆனது. தாமசினுக்கு லேசாக நம்பிக்கை துளிர்த்தது. ஜன்னலுக்கு ஒரு திரைகூடத் தைத்தாள், கூடாரத்தில் ஜன்னலே இல்லை என்றாலும்.

அந்தச் சனிக்கிழமை ஹன்னிபல் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றான். அவன் கையைத் தேய்த்தாலே வண்டி கிளம்பப்போகிறது என்று அர்த்தம்.

"காக்கா மேட்டுல..."

"சொல்லாதே."

"திங்கட்கிழமை கிளம்பலாம்."

தாமசின் கத்தியைக் கையில் எடுத்தாள். முந்தின நாள்தான் மலைச்சரிவுக்கு அப்பால் இருக்கிற அயர்லாந்துக்காரி ஹனோராவுக்கு ஒரு குங்குமப்பூ ரொட்டி சுட்டுக் கொடுத்து, அதற்குப் பதிலாக ஒரு கோழி வாங்கிவந்து புகைபோக்கி ஓரத்தில் கட்டிப் போட்டிருந்தாள். சண்டை போடுவதற்குப் பதில் அதைப் பிடித்து அறுத்தாள். கோழி செய்த பாவம், அன்றைக்கு அவள் கையில் அகப்பட்டது.

இரைப்பையை அறுத்து உள்ளேயிருந்த கல்லையும் மண்ணையும் தள்ளும்போது மூன்று மணிகள் மட்டும் மஞ்சளாக மின்னின. கோதுமை அளவு. பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். தங்கம்தான்.

எங்கிருந்து வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஹனோராவின் புருஷன் தங்கம் கழுவுகிற இடத்தில்தான் அந்தக் கோழிகள் நாளெல்லாம் மேயும். "ஐயோ, இதை அவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கணுமே" என்றுதான் முதலில் நினைத்தாள், அவ்வளவு யோக்கியமானவள். அப்புறம் தலையைத் தூக்கிப் புகைபோக்கியைப் பார்த்தாள். கோழி கட்டியிருந்த இடத்தில் களிமண்ணில் நாலைந்து கொத்து விழுந்திருந்தது. வெளியே ஹன்னிபல் கூடார முளையைப் பிடுங்க ஆரம்பித்திருந்தான்.

"ஏய்யா! இங்க வா!"

வந்தான். உள்ளங்கையை நீட்டினாள்.

"கோழி வயித்துல இருந்துச்சு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அது இந்தப் புகைபோக்கியத்தான் கொத்திக்கிட்டிருந்துச்சு."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய ஆறுதல்.

"அம்மா, அது ஹனோரா அத்தையோட கோழி, அவங்க வீட்லயே அது..." என்று லவ்டே ஆரம்பித்தாள். தாமசின் அவள் காலை நறுக்கென்று மிதித்தாள். "உனக்குத்தாண்டி கோழிக்கால். ரெண்டும் உனக்குத்தான். வாயை மூடு."

ஹன்னிபல் புகைபோக்கியைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், மறுபடி புகைபோக்கியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "மேல்மண்ணு" என்றான். "நான் தூக்கிப் போட்டதெல்லாம் நீ அங்க வெச்சுட்டே."

அடுத்த நொடி பிக்காசோடு பாய்ந்தான். தாமசின் அடுப்புக் கிண்டுகிற இரும்புக் கம்பியோடு குறுக்கே நின்றாள். கம்பியின் நுனி சிவந்திருந்தது.

"முதல்ல எனக்குக் கல்வீடு கட்டு. அதுல ஒரு புகைபோக்கி. அதுல புகை போறதை நான் என் கண்ணால பார்க்கணும். அப்புறம் இதை என்ன வேணா பண்ணிக்கோ."

"பைத்தியமாடி நீ? இதை உடைச்சு தங்கத்தை எடுத்துட்டா மாளிகையே கட்டித் தர்றேனே!"

"இதையே நாலு ஊர்ல சொன்னே."

"ஜேபஸ், நீயாவது சொல்லுடா அண்ணிக்கு!"

ஜேபஸ் சிவந்த கம்பியைப் பார்த்தான். "பைபிள் மேல சத்தியம் பண்ணியிருக்கியேண்ணே" என்றான். "நான் இதுல வரமாட்டேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூமியிலே பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்காதீர்கள் என்று ஜேபஸ் உருக்கமாகப் பிரசங்கித்தான். கேட்ட அத்தனை பேரும் திரும்பி ஹாஸ்கன் வீட்டுப் புகைபோக்கியையே பார்த்தார்கள். விஷயம் பள்ளம் முழுக்கப் பரவிவிட்டது. குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள், தொட்டுப் பார்க்கக் கேட்டார்கள். ஒருத்தர்கூடக் கை வைக்கவில்லை. கம்பி அடுப்பிலேயே இருந்தது.

ஹன்னிபல் சும்மா இருப்பானா? குளிர் காய்கிற மாதிரி உட்கார்ந்து, ஆணியால் களிமண்ணைச் சுரண்டுவான். மரக்கரண்டி முட்டியில் விழும். கையை இழுத்துக்கொள்வான். பத்து நாள் அப்படிப் போராடிவிட்டு, காக்கா மேட்டை மறந்து, வேறு வழியில்லாமல் கல் சுமக்க ஆரம்பித்தான்.

கல்லுக்குப் பஞ்சமில்லை. அவன் குழியிலிருந்து வெட்டி எறிந்தது மலை மாதிரி கிடந்தது. முதலில் ஏனோதானோவென்று நாலு சுவர் வைத்து முடித்துவிடத்தான் நினைத்தான். ஆனால் கல் விஷயத்தில் கார்ன்வால்காரனுக்குத் திருட்டு வேலை செய்ய வராது. ஒரு மூலை கோணிவிட்டது என்று தானே இடித்துவிட்டு மறுபடி கட்டினான். தாமசின் தன் பங்குக்கு, "வாசல்படி உசரமா வை. வெள்ளம் உள்ள வரக்கூடாது" என்றாள்.

"இந்தப் பள்ளத்துல ஏதுடி வெள்ளம்?"

"பர்ராவுலயும் அப்படித்தான் சொன்னே."

உயரமாகவே வைத்தான். இதற்குள் காக்கா மேட்டுக்குப் போனவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தார்கள். செருப்புகூட இல்லை. அங்கே தங்கமும் இல்லை, தண்ணீரும் இல்லையாம். தாமசின் அவர்களுக்கு சூப் ஊற்றினாள். ஹன்னிபலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவள் பட்ட கஷ்டம் அவளுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வெளியே யாரோ சீட்டியடிப்பது கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஹன்னிபல்தான், சுவர்மேல் உட்கார்ந்து கல் செதுக்கியபடி சீட்டியடித்துக்கொண்டிருந்தான். சுரங்கத்துக்குள் சீட்டியடிக்கக் கூடாது, அது ஆகாது. பன்னிரண்டு வயதில் சுரங்கத்துக்குள் போனவன் அவன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் சீட்டியடித்து அவள் கேட்டதே இல்லை. அவ்வளவு நன்றாக அடித்தான்.

தாமசின் மாவுக் கையோடு அங்கேயே நின்றாள். பாவி மனுஷன், இல்லாத தங்கத்துக்காக இப்படி உழைக்கிறானே! வீடு முடிந்து, புகைபோக்கியை உடைத்து, வெறும் மண்ணைக் கழுவும்போது அவன் முகம் என்ன ஆகும்? அவன் அடித்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் வண்டியைப் பூட்டினால்? அன்றையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்டியில் உப்பை இரண்டு தடவை போட்டாள். ஜேபஸ் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவது கேட்டான் என்பது வேறு.

வீடு முடிந்தது. புகைபோக்கியைச் சுரங்க எஞ்சினின் புகைக்கூண்டு மாதிரி வானத்துக்கு எழுப்பியிருந்தான். நெருப்பு மூட்டினார்கள். புகை நேராகப் போனது. தாமசின் அழுதுவிட்டாள், சந்தோஷம் பாதி, பயம் பாதி.

ஹன்னிபல் பிக்காசை எடுத்தான். ஐந்தாவது புகைபோக்கி இரண்டே அடியில் விழுந்தது. மண்ணை நொறுக்கி ஓடைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளமே கூடி நின்றது. ஹனோராவும் வந்திருந்தாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"என்னக்கா முகம் இப்படி வெளுத்துக் கிடக்குது? நான் கொடுத்த கோழி ஒத்துக்கலையா?"

"மெதுவாப் பேசு, மகராசி. கெஞ்சிக் கேக்கறேன்."

முதல் தட்டில் மண்ணை அள்ளியதும், "நான் கழுவுறேன்" என்று தாமசின் பிடுங்கிக்கொண்டாள். கோழி வயிற்று மணிகள் மூன்றும் அவள் பாவாடைப் பையில் இருந்தன. ஒன்றுமே இல்லாமல் போவதற்கு மூன்று மணியாவது இருக்கட்டும் என்று, யாரும் பார்க்காதபோது அவற்றைத் தட்டில் நழுவவிட்டாள்.  சுற்றினாள். சேறு போனது, சரளை போனது, கறுப்பு மணல் ஒதுங்கியது.

அவள் போட்டது மூன்று. தட்டில் கிடந்தது ஒரு பிடி.

தாமசின் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். ஹன்னிபல் தட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஒரு கத்து கத்தினான், மரத்திலிருந்த காக்காய்களெல்லாம் பறந்தன. அடுத்த தட்டிலும் இருந்தது. அதற்கடுத்த தட்டிலும் இருந்தது. சாயங்காலம்வரை இருந்துகொண்டே இருந்தது. அந்த மடையன் நிஜமாகவே தங்கத்தைத் தோண்டி எடுத்து வீசியிருக்கிறான், அவள் நிஜமாகவே அதைச் சுவரில் பூசியிருக்கிறாள். அவள் பொய்யென்று நினைத்துச் சொன்னதுகூட உண்மை.

"என் பொண்டாட்டிக்கு இருக்கிற கண்ணைப் பாரு!" என்று எல்லாரிடமும் சொன்னான். "கோழி வயித்துலயே கண்டுபிடிச்சுட்டா!" லவ்டே வாயைப் பொத்திக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் ஓடினாள்.

அன்று சாயங்காலம் புது வீட்டில், புது நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஹன்னிபல் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். மெதுவாகக் கையைத் தேய்க்க ஆரம்பித்தான். 

"தாமசின். ஃபாரஸ்ட் க்ரீக்குலயும் நீ புகைபோக்கி கட்டினே."

தாமசின் நெருப்பில் ஒரு கட்டையைப் போட்டாள்.

"என் குழி மண்ணுலதான். மொத்தம் நாலு. நாலுலயும் இருக்கும்!" எழுந்து மூலையில் சாத்தியிருந்த பிக்காசை எடுத்தான். "காலைல வண்டியப் பூட்டிடலாம்."

ஒரு பொய்யைச் சொல்லி வீட்டை வாங்கினாள். அந்தப் பொய்யே மெய்யாகி வந்து வீட்டைப் பறிக்கப் பார்க்கிறது. தாமசின் எழுந்திருக்கவில்லை. கம்பியைத் தொடவில்லை. சுத்தமாகக் களைத்துப் போயிருந்தாள். நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போய்யா. நான் இந்த வீட்டைவிட்டு வரல. நீ போ. ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோ. அந்த நாலு புகைபோக்கியும் இப்ப சும்மா நிக்கல. ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒருத்தி உக்காந்து சமைச்சுக்கிட்டிருக்கா. புருஷன் அவளையும் ஊர் ஊரா இழுத்துக்கிட்டுத்தான் வந்திருப்பான். நீ பிக்காசோட போய் நின்னு, 'அம்மா, உன் புகைபோக்கிய உடைக்கணும்'னு கேக்கப்போறே."

ஹன்னிபல் நின்றான். பிக்காசைப் பார்த்தான். அடுப்பு ஓரத்தில் சாத்தியிருந்த கம்பியைப் பார்த்தான். முட்டியைத் தடவிக்கொண்டான்.

"கொடுப்பாங்களா?" என்றான்.

"நான் கொடுத்தேனா?"

நூறு ஆள் ஆழத்துக்குக் கயிற்றில் இறங்கும்போது நடுங்காதவன் அவன். அப்போது அவன் முகத்தில் தெரிந்த பயத்தை ஜேபஸ் சாகிறவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"ஒருத்திக்கே ஒரு வீடு கட்ட வேண்டியதாப் போச்சு" என்று முனகினான் ஹன்னிபல். "நாலு வீடுன்னா..." பிக்காசை மூலையிலேயே வைத்தான். வந்து உட்கார்ந்தான். "இன்னொரு கட்டை போடு, தாமசின். குளிருது."

அதற்குப் பிறகு அவன் தங்கம் தேடிப் போகவில்லை. பள்ளத்தில் பாதி வீடுகளுக்குக் கல் வேலை செய்தது அவன்தான், சீட்டியடித்துக்கொண்டே. ஹனோராவிடம் வாங்குகிற கோழிகளைத் தாமசின் கடைசிவரை தன் கையாலேயே அறுத்தாள், வேறு யாரையும் தொடவிடவில்லை.

அந்த வீட்டைவிட்டு அவள் ஒரே ஒரு தடவைதான் வெளியேறினாள், முப்பத்தாறு வருஷம் கழித்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனபோது. வாசல்படி இவ்வளவு உயரமா என்று தூக்கினவர்கள் முணுமுணுத்தார்கள். "மெதுவா இறக்குங்க" என்றான் கிழவன் ஹன்னிபல். "வெள்ளம் உள்ள வரக்கூடாதுன்னு அவ கேட்டு வாங்கின படி அது."